சம்பளப் பட்டியலும் சந்தாப் புத்தகமும்

1965 பிப்ரவரி 3, நோன்புப் பெருநாள். ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்துக்குள் சில நூறு துருக்கியத் தொழிலாளர்கள் விரிப்புகளை விரித்து, மக்காவின் திசை பார்த்து வரிசையாக நின்று பெருநாள் தொழுகை தொழுதார்கள். இரட்டைக் கோபுரங்கள் கொண்ட கத்தோலிக்க ஆலயம் அது. அத்தனை பேர் சேர்ந்து நிற்க அந்த ஊரில் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. கேட்டார்கள்; ஆலயத்தார் இடம் கொடுத்தார்கள்.

இதை மத நல்லிணக்கக் கதையாகச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்வதில் தவறு இல்லை. என் கண்ணில் முதலில் படுவது வேறொன்று. அந்த மனிதர்களில் பெரும்பாலோர் அதுவரை தம் வாழ்நாளில் தொழுவதற்கு இடம் தேடி அலைந்திருக்க மாட்டார்கள். அனத்தோலியாவின் கிராமங்களில் பள்ளிவாசல் என்பது கிணற்றைப் போல, சந்தையைப் போல, பிறக்கும்போதே அங்கே இருந்த ஒன்று. 1961 அக்டோபர் 30இல் கையெழுத்தான ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்தின் பேரில் ரயிலேறி வந்தவர்களுக்குக் கம்பெனி விடுதியில் கட்டில் கிடைத்தது, ஆலையில் ஷிப்ட் கிடைத்தது. பள்ளிவாசல் கிடைக்கவில்லை. அதை அவர்களே உண்டாக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு அவர்களுடைய மார்க்க வாழ்வை எப்படி மாற்றியது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மேற்கு நாடுகளிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளிலும் இஸ்லாமிய வாழ்வு எப்படி வேறுபடுகிறது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முக்காடு, ஷரீஅத், சுதந்திரம் என்ற பெரிய சொற்களிலிருந்து தொடங்குகிறார்கள். சின்னக் கேள்விகள் கூடுதலாகச் சொல்லும் என்று நினைக்கிறேன். இமாமுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்? மின்கட்டணம் யார் கட்டுகிறார்? தொழுகை நேரத்தை யார் கணிக்கிறார்? இறந்தவரை எந்த மண்ணில் அடக்குகிறார்கள்? இவற்றைக் கேட்டுப் பார்க்கத் துருக்கியையும் ஜெர்மனியையும் போல வாய்ப்பான இணை அரிது. ஒரே மக்கள், பெரும்பாலோருக்கு ஒரே ஹனஃபி மத்ஹப், ஒரே தாய்மொழி, பல ஆண்டுகள் ஒரே இமாம்கள்கூட. மாறியது நாடு மட்டும்.

துருக்கியிலிருந்து தொடங்கலாம். 1924 மார்ச் 3ஆம் தேதி அங்காரா நாடாளுமன்றம் ஒரே நாளில் மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று கிலாஃபத்தை ஒழித்தது. இன்னொன்று கல்வி முழுவதையும் கல்வி அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது, மதரஸாக்கள் மூடப்பட்டன. மூன்றாவது, ஷரீஅத்தையும் வக்ஃபையும் கவனித்துவந்த அமைச்சகத்தைக் கலைத்து, அதன் இடத்தில் மத விவகாரங்களுக்கான அரசுத் துறையை வைத்தது. 'தியானெத்' என்று துருக்கியர்கள் சொல்வது அதைத்தான். மறு ஆண்டே தரீக்காக்களின் மடங்களும் மூடப்பட்டன. இதற்கு மதச்சார்பின்மை என்று பெயர் வைத்தார்கள். நடந்தது என்னவோ, மதத்தை அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டதுதான்.

இன்றைக்குத் தியானெத்தின் கீழ் 80,000த்துக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருக்கின்றன. பணியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இமாம் ஒரு அரசு ஊழியர். தேர்வு எழுதி வருகிறார், பணிமாற்றம் பெறுகிறார், ஓய்வூதியம் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை குத்பாவின் வாசகம் தலைமையகத்திலிருந்து வருகிறது. நோன்புப் பெருநாளுக்கு மூன்றரை நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலரை நாள் அரசு விடுமுறை.

இந்த ஏற்பாட்டில் சாதாரண மனிதர் எதையும் செய்ய வேண்டியதில்லை. பாங்கு தானாகக் காதில் விழுகிறது. உஸ்மானிய மரபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒரு ராகம் உண்டு: விடியலுக்கு 'ஸபா', அந்திக்கு 'ஸெகாஹ்'. கடிகாரம் பார்க்காமலே ராகத்தைக் கேட்டு எந்த வக்து என்று சொல்லிவிடலாம். தொழாதவருக்கும் அதே பாங்கு கேட்கிறது. நோன்பு பிடிக்காதவர் வீட்டிலும் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சாப்பாட்டு மேசை தயாராகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகிறவர், பெருநாளில் மட்டும் தொழுகிறவர், ஜனாஸாவுக்கு மட்டும் வருகிறவர் என எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. நீ யார், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பான்மை நாட்டின் மார்க்க வாழ்வில் உள்ள பெரிய சுகம் இதுதான் என்று சொல்வேன். மூச்சைப் போல நினைக்காமலே நடக்கிறது.

அந்தச் சுகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. சம்பளம் கொடுக்கிறவர் சொல்வதை இமாம் கேட்டாக வேண்டும். 1932இல் பாங்கைத் துருக்கி மொழியில் சொல்லும்படி அரசு மாற்றியது. அரபியில் சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆட்சி மாறி, 1950 ஜூன் 16இல் தடை நீங்கும்வரை 18 ஆண்டுகள் அந்த நாட்டில் பாங்கின் மொழியை முடிவுசெய்தது ஒரு அரசு அலுவலகம். பிற்பாடு அதே அரசு பல்கலைக்கழக வாசலில் முக்காடு அணிந்த மாணவிகளைத் திருப்பி அனுப்பியது. இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்த ஒரு மாணவியின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2005இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. அந்த ஆண்டுகளில் முக்காட்டோடு படிக்க விரும்பிய துருக்கியப் பெண்கள் வியன்னாவுக்கும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். முஸ்லிம் நாட்டிலிருந்து, மார்க்கத்தைக் கடைப்பிடிப்பதற்காக, கிறிஸ்தவப் பெரும்பான்மை நாடுகளுக்குப் போனார்கள். 2010 வாக்கில்தான் அந்தத் தடை தளர்ந்தது. பெரும்பான்மை நாட்டில் எல்லாம் எளிது, மேற்கில் எல்லாம் கடினம் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த மாணவிகளை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். 1973 நவம்பரில் அரசு புதிய ஆள்சேர்ப்பை நிறுத்தியது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்ற நிலை வந்ததும் தொழிலாளர்கள் மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். தற்காலிகம் என்று நினைத்த வாழ்க்கை வேரூன்றத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு யார் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பது? காலியான ஆலைக் கொட்டகைகள், பழைய கிடங்குகள், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பின்கட்டு அறைகள் வாடகைக்குப் பிடிக்கப்பட்டன. கொல்லைப்புறப் பள்ளிவாசல் என்றே ஜெர்மானியர்கள் அவற்றைக் குறிப்பிட்டார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவது என்ற இடத்தில்தான் புதிய மார்க்க வாழ்வு பிறக்கிறது. ஜெர்மன் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். கால்பந்துக் குழு, தோட்டக்காரர் சங்கம், பாட்டுக் குழு எல்லாம் இந்தச் சட்டத்தில்தான் இயங்குகின்றன. பள்ளிவாசலும் அப்படியே பதிவானது. தலைவர், செயலாளர், பொருளாளர், விதிமுறை, ஆண்டுக் கூட்டம், கூட்டக் குறிப்பேடு, மாதச் சந்தா எல்லாம் வந்தன. அனத்தோலியாவில் பள்ளிவாசல் கணக்கைக் கண்ணால் பார்த்திராத ஒரு சுரங்கத் தொழிலாளி ரூர் பகுதியில் ஒரு பள்ளிவாசலின் பொருளாளராக உட்கார்ந்து மின்கட்டணம் எவ்வளவு என்று எழுதத் தொடங்கினார்.

சந்தா போதவில்லை. தொழுமிடத்தை ஒட்டி ஒரு தேநீர் அறை வந்தது; பக்கத்தில் மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, புத்தகக் கடை. ஹலால் இறைச்சி வெளியில் கிடைக்காத காலத்தில் பள்ளிவாசல் கடையில் கிடைத்தது. வாரக் கடைசியில் 'கெர்மெஸ்' என்ற உணவுச் சந்தை நடத்தி, பெண்கள் லஹ்மாஜுனும் கொஸ்லெமேயும் சுட்டு விற்று, அந்தப் பணத்தில் கூரை மாற்றினார்கள். பெரியவர்கள் சீட்டுக்கட்டில்லாத ஒரு தேநீர்க்கடையைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது. துருக்கியில் பள்ளிவாசல் தொழுதுவிட்டுப் போகும் இடமாக இருந்தது. ஜெர்மனியில் அது ஒரு ஊராகவே ஆயிற்று. அந்த ஊரை நடத்தப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. அடுப்படியிலிருந்து நிர்வாகக் குழு வரை அவர்கள் வந்த வழி அதுதான்.

தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தலைக்கட்டு எண்ணி வரி வைத்து, ஹஜ்ரத்துக்கும் மோதினாருக்கும் சம்பளம் கொடுத்து, நிக்காஹ் பதிவேட்டையும் மையவாடியையும் கவனித்துக்கொள்ளும் மஹல்லா ஜமாஅத்தை நாம் தலைமுறைகளாகப் பார்த்துவருகிறோம். துருக்கியர்கள் 1970களில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைக் காயல்பட்டினமும் கீழக்கரையும் எப்போதோ செய்து முடித்திருந்தன. ஒரு வேறுபாடும் உண்டு. நம் ஊரில் ஒரு மஹல்லாவில் பிறந்தவர் அந்த ஜமாஅத்துக்காரர். தேர்வுக்கு அங்கே அதிக இடமில்லை. கொலோனிலோ துயிஸ்பர்க்கிலோ நடந்துபோகும் தூரத்தில் மூன்று துருக்கியப் பள்ளிவாசல்கள் இருக்கும். ஒன்று துருக்கிய அரசியல் தலைவர் எர்பகானின் 'மில்லி கொருஷ்' இயக்கத்தைச் சார்ந்தது. ஒன்று சுலைமான் ஹில்மி துனஹானின் சீடர்கள் 1973இல் கொலோனில் தொடங்கிய கூட்டமைப்பைச் சார்ந்தது. மூன்றாவது அரசைச் சார்ந்தது. எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது என்பதைத் தொழுகையாளி தேர்ந்தெடுத்தாக வேண்டும். சொந்த நாட்டில் நெருக்கப்பட்ட இயக்கங்களுக்கு அந்நிய நாட்டில் மூச்சுவிட இடம் கிடைத்தது. நல்லவை மட்டும் வளர்ந்தன என்று சொல்ல முடியாது. அதானாவில் முஃப்தியாக இருந்த ஜெமாலெத்தின் கப்லான் கொலோனில் இருந்துகொண்டு தன்னைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டதும் அதே காற்றில்தான். அந்த அமைப்பை ஜெர்மன் அரசு 2001இல் தடை செய்தது.

அரசைச் சார்ந்த பள்ளிவாசல் என்றேன். அதன் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. தன் குடிமக்கள் தன் பிடிக்கு வெளியே இப்படி அமைப்பு அமைப்பாகப் பிரிவதை அங்காரா கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வெளிநாட்டுக்கு இமாம்களை அனுப்பும் வேலை வேகமெடுத்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுத்தது சவூதியைத் தலைமையிடமாகக் கொண்ட உலக முஸ்லிம் லீக். மதச்சார்பின்மையின் காவலர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட தளபதிகளின் ஆட்சியில் இது நடந்ததைப் பத்திரிகையாளர் உகுர் மும்ஜு 1987இல் வெளிக்கொண்டுவந்தபோது துருக்கியில் பெரும் புயல் வீசியது. இதற்கிடையில் 1984 ஜூலையில் கொலோனில் 'டிடிப்' என்ற கூட்டமைப்பு உருவானது. இன்று அதில் சுமார் 900 பள்ளிவாசல் சங்கங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் அதைவிடப் பெரிய இஸ்லாமிய அமைப்பு கிடையாது.

இங்கேதான் சம்பளப் பட்டியலும் சந்தாப் புத்தகமும் ஒரே மேசைக்கு வருகின்றன. கட்டடத்தை எழுப்பியது உறுப்பினர்களின் காசு. மிஹ்ராபுக்கு முன்னால் நிற்கும் இமாமோ நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அங்காராவிலிருந்து வந்துபோகும் துருக்கிய அரசு ஊழியர். பெரியவர்களுக்கு இது வசதியாக இருந்தது: ஊர் மொழி, ஊர் ஓதல், காசு செலவில்லாத இமாம். பேரப்பிள்ளைகளுக்கு இது இடைவெளியாக ஆனது. பள்ளிக்கூடத்தில் தோழி கேட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டால், ஜெர்மன் தெரியாத இமாமுக்குக் கேள்வியே விளங்கவில்லை. துருக்கியில் 2016இல் நடந்த ராணுவப் புரட்சி முயற்சிக்குப் பிறகு, அதற்குக் காரணம் என்று அங்காரா குற்றம்சாட்டிய குலென் இயக்கத்தின் ஆதரவாளர்கள் யார் யார் தம் பள்ளிவாசலுக்கு வருகிறார்கள் என்று சில இமாம்கள் தூதரகங்களுக்கு எழுதி அனுப்பினார்கள் என்ற விவகாரம் வெடித்தது. ஜெர்மன் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்தது. யார்மீதும் குற்றச்சாட்டு பதிவாகாமலே 2017இல் விசாரணை முடிந்தது. சட்டத்தின் கதை அதோடு முடிந்தது. தன் பக்கத்தில் தோளோடு தோள் நின்று தொழுதவரே தன் பெயரை எழுதி அனுப்பியிருப்பாரோ என்ற சந்தேகம் எந்த விசாரணையிலும் முடிகிற ஒன்றல்ல. 2023 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: துருக்கியிலிருந்து இமாம்களை அனுப்புவது படிப்படியாக நிற்கும், ஆண்டுக்கு 100 இமாம்கள் ஜெர்மனியிலேயே பயிற்சி பெறுவார்கள். ஓஸ்னாப்ருக் நகரில் ஜெர்மன் மொழியிலேயே இமாம்களுக்குப் பயிற்சி தரும் ஒரு கல்லூரி 2021இலேயே தொடங்கிவிட்டது.

ஜெர்மன் அரசு மதத்துக்கு அந்நியமானது என்று நினைத்தால் அது தவறு. தேவாலயங்களுக்கு அங்கே சட்டப்படி பொது நிறுவனத் தகுதி உண்டு. உறுப்பினர்களின் வருமான வரியோடு சேர்த்து தேவாலய வரியை அரசே வசூலித்துக் கொடுக்கிறது. அந்தத் தகுதியை எந்த மதமும் கேட்கலாம். கேட்பவரிடம் அரசு வைக்கும் முதன்மையான கேள்வி இது: உங்கள் உறுப்பினர் யார்? பட்டியல் எங்கே?

இந்தக் கேள்வி இஸ்லாத்தின் இயல்புக்குக் குறுக்கே நிற்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு போன்ற ஒன்று அதில் இல்லை. கலிமா சொன்னவர் முஸ்லிம். அதை எந்தப் புத்தகத்திலும் எழுத வேண்டியதில்லை. பள்ளிவாசல் சங்கத்தில் குடும்பத் தலைவர் ஒருவர் சந்தா கட்டுவார். வெள்ளிக்கிழமை அவரோடு பிள்ளைகளும், அண்ணன் தம்பிகளும், வழிப்போக்கர்களும் நின்று தொழுவார்கள். 53 லட்சத்திலிருந்து 56 லட்சம் முஸ்லிம்கள் ஜெர்மனியில் இருப்பதாக 2021இல் வெளியான அரசு ஆய்வு மதிப்பிட்டது. சங்கங்களின் பதிவேட்டில் இருப்பவர்களோ இதில் சிறு பகுதி. அப்படியானால் மற்றவர்களின் பெயரால் யார் பேசுவது? பாடநூல் எழுத, சிறைச்சாலைக்கு ஆலிம் அனுப்ப, வானொலிக் குழுவில் உட்கார அரசுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். அந்தத் தேவை முஸ்லிம்களைத் திருச்சபை போன்ற ஒன்றாக ஆகச் சொல்கிறது. 2013இல் ஹெஸ்ஸே மாநிலத்தில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இஸ்லாமியப் பின்னணி அமைப்பு அஹ்மதியா ஜமாஅத். உறுப்பினர் பட்டியலும் இறுக்கமான தலைமையும் அதனிடம் இருந்தன. பாகிஸ்தானில் 1974இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவிக்கப்பட்ட அதே அமைப்பு.

அலெவிகளின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. துருக்கியில் சுன்னிகளுக்கு அடுத்த பெரிய சமூகம் அவர்கள். பள்ளிவாசலுக்குப் பதிலாக 'ஜெமெவி' என்ற கூடத்தில் கூடுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்தில் அமர்கிறார்கள். 'ஸாஸ்' என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடுவதும் 'ஸெமாஹ்' சுழல் நடனமும் அவர்களுடைய வழிபாட்டின் பகுதி. ரமலானைவிட முஹர்ரம் நோன்பு அவர்களுக்கு முக்கியம். தாங்கள் இஸ்லாத்துக்கு உள்ளே இருக்கிறோமா, தனி மார்க்கமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தியானெத் அவர்களைப் பண்பாட்டுக் குழுவாகவே பார்த்தது. அலெவிகளின் வரிப்பணமும் போய்ச் சேரும் அந்தத் துறை சுன்னிப் பள்ளிவாசல்களின் மின்கட்டணத்தைக் கட்டியது, ஜெமெவிகளுடையதைக் கட்டவில்லை. இஸ்தான்புல்லின் யெனிபொஸ்னாவில் ஒரு ஜெமெவி அந்தக் கட்டண ரசீதை எடுத்துக்கொண்டு ஸ்ட்ராஸ்பூர்க் வரை போனது. 2014 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. 2022இல் ஜெமெவிகளுக்கென ஓர் அரசு அமைப்பு வந்தபோதும் அது பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ்தான் வந்தது.

ஜெர்மனியிலோ 1989இல் ஹாம்பர்க் நகரில் அலெவிகள் தம் பெயரைச் சொல்லிப் பண்பாட்டு வாரம் கொண்டாடினார்கள். துருக்கியில் அலெவி என்று வெளிப்படையாகச் சொல்லப் பலர் தயங்கிய காலம் அது. 1993 ஜூலையில் சிவாஸ் நகரில் அலெவி விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கும்பல் தீவைத்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஜெர்மனியில் அலெவிச் சங்கங்களில் ஆட்கள் பெருகினார்கள். 2002இல் பெர்லின் பள்ளிக்கூடங்களில் அலெவி மதப் பாடம் தொடங்கியது. 2020 டிசம்பரில் நார்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலம் அவர்கள் கூட்டமைப்புக்குப் பொது நிறுவனத் தகுதி கொடுத்தது. அதே மாநிலத்தில் டிடிப்புக்கு அந்தத் தகுதி இல்லை. சொந்த மண்ணில் பண்பாடு, அந்நிய மண்ணில் மதம். பெரும்பான்மையின் காற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வீசுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று என் வாசிப்பில் அகப்படவில்லை.

அடுத்து, தொழுகை நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். துருக்கியில் வக்து காதுக்கு வருகிறது. ஜெர்மனியில் அதைக் கைபேசியிலும் சுவரில் மாட்டிய 'தக்வீம்' நாட்காட்டியிலும் தேட வேண்டும். தேடினாலும் சிக்கல். கொலோன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 51 பாகையில் இருக்கிறது. அவ்வளவு வடக்கில் ஜூன் மாதத்தில் சூரியன் தொடுவானுக்குக் கீழே 18 பாகை இறங்குவதே இல்லை. அந்தி வெளுப்பு முழுதும் மறையாமல் விடியல் வந்துவிடுகிறது. இஷாவுக்கும் சுப்ஹுக்கும் மார்க்கம் சொன்ன வானத்து அடையாளம் வானத்திலேயே இல்லை என்றால் எப்போது தொழுவது, எப்போது ஸஹர் சாப்பாட்டை நிறுத்துவது? 2016இல் ரமலான் ஜூனில் வந்தபோது நோன்பு 18 மணி நேரத்தையும் தாண்டியது. இரவு பத்து மணியை ஒட்டி நோன்பு திறந்து, நள்ளிரவில் தராவீஹ் தொழுது, சிறிது கண்ணயர்ந்து ஸஹருக்கு எழுந்து, காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். தியானெத் ஒரு கணக்கு வைத்தது, 1997இல் அமைந்த ஐரோப்பிய ஃபத்வா மன்றம் வேறு யோசனைகளைப் பேசியது. தெற்கின் வெயிலில் எழுதப்பட்ட ஃபிக்ஹ் நூல்களை வடக்கு வானத்துக்குக் கீழே மறுபடி திறந்து படிக்க வேண்டியிருந்தது. சங்கடத்தில் பிறந்த இந்தத் தேடலில் ஒரு சிந்தனை உயிர்ப்பு இருப்பதை மறுக்க முடியாது.

பிறை விஷயத்தில் துருக்கியர்களுக்குத் தலைவலி குறைவு. தியானெத் வானியல் கணக்கை ஏற்பதால் பெருநாள் எப்போது என்பது ஆண்டுக்கு முன்பே அச்சாகிவிடும். தலைமை காஜியின் அறிவிப்புக்கு இரவில் காத்திருக்கும் தமிழ்நாட்டுப் பரபரப்பு அங்கே கிடையாது. அந்தப் பெருநாளுக்கு விடுப்பு எடுப்பதுதான் பாடு. ஹாம்பர்க் நகரம் 2012இல் இஸ்லாமிய அமைப்புகளோடும் அலெவிகளோடும் செய்த ஒப்பந்தத்தில் பெருநாளன்று விடுப்புக் கேட்கும் உரிமையைச் சேர்த்தது.

பாங்கும் வந்தது, அளவோடு. பால் பொம் வடிவமைத்த கொலோன் மையப் பள்ளிவாசல் 55 மீட்டர் மினாராக்களோடு எழுந்து, 2018இல் முறைப்படி திறக்கப்பட்டது. 2021இல் நகராட்சி ஒரு பரிசோதனை அனுமதி அறிவித்தது: வெள்ளிக்கிழமை மட்டும், ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், ஒலியளவு வரம்போடு, அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லி. 2022 அக்டோபர் 14இல் அங்கே பாங்கு ஒலித்தது. பேராலயத்துத் தொழுகைக்கும் அதற்கும் இடையில் 57 ஆண்டுகள்.

இப்படி ஒவ்வொன்றையும் கேட்டு, விளக்கி, நியாயம் சொல்லிப் பெறுவதே மேற்கில் முஸ்லிமாக வாழ்வதன் அன்றாடம். 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3, ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாளில், பள்ளிவாசல்கள் தம் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவைத்துத் தேநீரும் விளக்கமும் தருகின்றன. 2008இல் திறக்கப்பட்ட துயிஸ்பர்க்கின் மார்க்ஸ்லோ பள்ளிவாசலைக் கட்டியபோது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரியட்டும் என்று பெரிய சன்னல்களை வைத்தார்கள். திண்ணை மனது என்று அதைப் பாராட்டலாம். ஆனால் இஸ்தான்புல்லில் எந்தக் கொத்தனாரும் அப்படி ஒரு காரணத்துக்காகச் சன்னலின் அளவைப் பெரிதாக்கியதில்லை. மதம் பண்பாட்டிலிருந்து பிரிந்து வரும்போது நம்பிக்கையாளர் தன் நம்பிக்கையைத் தானே வரையறுத்துக்கொள்ள நேர்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே ருவா எழுதியிருக்கிறார். ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் 'நீங்கள் ஏன் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை?' என்று பத்து வயதில் கேட்கப்படும் பிள்ளை, அந்த வயதிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊரில் அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு அந்தக் கேள்வி எண்பது வயதுவரை வந்திராது. சில பிள்ளைகள் இதனால் மார்க்கத்தை ஆழ்ந்து படிக்கிறார்கள், சிலர் சலித்து விலகுகிறார்கள், சிலர் யூடியூபில் உறுதியாகப் பேசும் யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். துருக்கியை வைத்து எல்லாப் பெரும்பான்மை நாடுகளையும் அளக்க முடியாது. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில் 1912இல் தோன்றிய முஹம்மதியாவும் 1926இல் தோன்றிய நஹ்தத்துல் உலமாவும் பள்ளிகள், மருத்துவமனைகள், மதரஸாக்கள் என்று மக்களின் அமைப்புகளாகவே மார்க்க வாழ்வைச் சுமக்கின்றன. ஏறக்குறைய முழுவதும் முஸ்லிம்கள் வாழும் துருக்கி 1926இல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை எடுத்துக்கொண்டது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் இந்தியாவில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இன்றும் திருமணத்தையும் சொத்தையும் ஆள்கிறது. எண்ணிக்கையைவிட, அரசுக்கும் மார்க்கத்துக்கும் நடுவில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதே ஒரு முஸ்லிமின் நாளை அதிகம் வடிவமைக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

மீதி இருப்பது அடக்கம். முதல் தலைமுறைக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. ஆலையில் நாற்பது ஆண்டு உழைத்தாலும் மண் ஊர் மண்தான். அதற்கென்றே டிடிப் ஒரு ஜனாஸா நிதி நடத்துகிறது: ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டினால், இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, விமானத்தில் ஏற்றி, பிறந்த கிராமத்துக் கபர்ஸ்தான் வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளைப் பெற்றது, வீடு வாங்கியது, பேரன் பேத்தி பார்த்தது எல்லாம் ஜெர்மனியில். கடைசிப் பயணம் மட்டும் திரும்பிப் போகும் பயணம்.

தடைகளும் இருந்தன. பெட்டியில்லாமல் அடக்கக் கூடாது என்ற விதி பல மாநிலங்களில் வெகுகாலம் இருந்தது. பவேரியா 2021இல்தான் அதை நீக்கியது. அதைவிடப் பெரிய தடை குத்தகை. ஜெர்மன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கே கொடுக்கப்படுகிறது. புதுப்பிக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். கபர் நிலையானது என்று நம்புகிறவருக்கு அது தாங்க முடியாத செய்தி. பெர்லினின் கொலம்பியாடாம் சாலையில் 1866 முதல் ஒரு துருக்கியக் கல்லறை இருக்கிறது. 1798இல் பெர்லினில் இறந்த உஸ்மானியத் தூதர் அலி அஸீஸ் எஃபெந்திக்காகப் பிரஷ்ய மன்னர் கொடுத்த நிலத்திலிருந்து தொடங்கும் வரலாறு அது. அந்தச் சிறு நிலம் எப்போதோ நிரம்பிவிட்டது. 2014இல் நார்த்ரைன் வெஸ்ட்பாலியா தன் சட்டத்தை மாற்றி, முஸ்லிம் சங்கங்களே கல்லறைத் தோட்டம் நடத்த வழி திறந்தது.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, ஊருக்கு அனுப்ப நினைத்த பல உடல்களை ஜெர்மன் மண்ணிலேயே அடக்க வேண்டியதாயிற்று. நகராட்சிக் கல்லறைகளில் கிப்லா நோக்கித் தென்கிழக்காகத் திருப்பிய வரிசைகள் நீண்டன. வாரம் ஒருமுறை பேரப்பிள்ளைகள் நடந்தே போய் யாசீன் ஓத முடிகிற தூரத்தில் அந்தக் கபர்கள் இருக்கின்றன. அவற்றின் குத்தகை 2040களில் முடியும். அப்போது நகராட்சியிலிருந்து புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் ஜெர்மனியில் பிறந்த ஒரு மகனின் அல்லது மகளின் பெயருக்கு வரும்.